பெரியம்மாவுக்குக் கட்டமில்லை

செவ்வாய்க்கிழமை காலை 9.10 மணிக்கு மதுரை விமான நிலையத்திலிருந்து எங்கள் வேன் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எழுபது கிலோமீட்டர், அங்கிருந்து ராஜபாளையம் இன்னும் பன்னிரண்டு. ஒன்றரை மணி நேரம் போதும் என்று அழைப்புக் கடிதத்தில் போட்டிருந்தார்கள். அதை எழுதியவர் இந்தச் சாலையில் வந்திருக்க மாட்டார். திருமங்கலம் தாண்டியதும் நான்குவழிச் சாலைக்காக இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போய்க்கொண்டிருக்க, அதை முந்த வழியில்லாமல் பின்னாலேயே ஊர்ந்தோம்.

நான் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும் தமிழில் பேசுவதை ஆங்கிலத்திலும் உடனுக்குடன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அண்டை நாடுகளின் மின்னாளுமைச் சேவைகளில் வட்டார ஒத்துழைப்பு’. இதே பெயரில் சற்று முன்னே பின்னே வார்த்தைகளை மாற்றிப்போட்டு இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது பயணம். இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் இரண்டே பேர். நேபாளத்திலிருந்து சரிதா என்ற அதிகாரி. அரசாங்கப் படிவங்களைக் கணினிக்கு ஏற்ப வடிவமைப்பது அவர் பொறுப்பு. இலங்கையிலிருந்து நவரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பதிவுத் துறையில் வேலை. பூட்டானிலிருந்து வந்தவர் சென்னை ஓட்டலில் காலைச் சாப்பாட்டோடு மூன்று வகைச் சட்னியையும் ஒரு கை பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

“மேடம், கல்லுப்பட்டில ஒரு டீ போட்ருவமா? இப்படியே போனா நமக்கே கிறுகிறுன்னு வந்துரும்,” என்றார் டிரைவர் கணேசன். ராஜபாளையத்துக்காரர்.

டீ பதினைந்து ரூபாய், உளுந்த வடை பத்து. சரிதா வடையைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே தெரிந்த மலையைப் பார்த்தார். “இது எவ்வளவு உயரம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கணேசனிடம் கேட்டேன். “ஒசரமா? மேகம் வந்து முட்டுதுல்லா, அம்புட்டு ஒசரம்,” என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். இமயமலைக்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

காலை 11.45. ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு கூட்ட அறையில் எங்களுக்காகத் திரையெல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். சான்றிதழ்கள், பட்டா, முதியோர் உதவித்தொகை எல்லாம் எப்படி ஒரே சாளரத்தில் கிடைக்கின்றன என்று இளைஞர் ஒருவர் மூச்சுவிடாமல் விளக்கினார். நானும் மூச்சுவிடாமல் திருப்பிச் சொன்னேன். கடைசிப் படத்தில் மூன்று வட்டங்கள்: இந்தியா, நேபாளம், இலங்கை. அவற்றை இணைக்கும் கோடுகள் மட்டும் புள்ளிப் புள்ளியாக இருந்தன.

“அது ஏன் புள்ளிக் கோடு?” என்று கேட்டார் நவரத்தினம்.

“அது வருங்காலத்துல சார்,” என்றார் இளைஞர்.

“எங்கட படத்திலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு,” என்றார் நவரத்தினம். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

கூட்டம் முடிந்து கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் நிகழ்ச்சி நிரலில் நான்கு மணிக்கு வேறொரு கூட்டம். கோபுரத்துக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வேனில் ஏறினோம். ராஜபாளையம் விடுதியில் அறை வாடகை ஆயிரத்து நானூறு. ஏசி வேலை செய்தது. அதற்கு மேல் அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் எட்டரைக்கே தூங்கிவிட்டேன்.

புதன் காலை 10 மணி. ராஜபாளையத்தில் ஒரு சேவை மையம். பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. மையத்தில் இரண்டு கணினி, ஒரு கைரேகைக் கருவி, ஒரு மின்விசிறி. அவற்றுக்கு நடுவே ஜோதி என்ற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பொதுமக்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் வெளியே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலையைக் கெடுத்துவிட்டு அவர்களுக்கான சேவையை நாங்கள் வேடிக்கை பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

நவரத்தினம் ஜோதியிடம் தமிழிலேயே கேள்விகள் கேட்டார். அவர் பேச ஆரம்பித்ததும் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து வாசலுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். சேலையில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது, தறிக்கூடத்திலிருந்து நேரே வந்திருப்பார் போல.

“அய்யா, நீங்க சிலோனா?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. ஏன் கேக்கிறீங்கள்?”

“பேச்ச வச்சுத்தான் கண்டேன். நானும் அங்கிட்டுப் பெறந்தவதான். எனக்கு அங்கேருந்து ஒரு காயிதம் வேணும். கேட்டுக் கேட்டு ஏலாமப் போச்சு.”

“கமலாக்கா, செத்த நேரம் இருங்களேன். சாரு கிளம்பட்டும்,” என்று ஜோதி தவித்தார்.

“இருக்கட்டும், சொல்லட்டும்,” என்று நவரத்தினம் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

கமலா சொன்னதை நான் சரிதாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசகர்களுக்கும் அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன். கமலா பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இந்திய வம்சாவளித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரைத் தாயகம் திரும்பியவர்கள் என்று கப்பலில் இங்கே கூட்டிவந்த காலத்தில், அவருடைய பெரியம்மா மாரியாயிக்கு இந்திய பாஸ்போர்ட் வந்தது. மாரியாயிக்குப் பிள்ளை இல்லை. தங்கை காமாட்சியின் மூத்த மகள் கமலாவுக்கு அப்போது நாலு வயது, பெரியம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. நீ முன்னால் கூட்டிக்கொண்டு போ, நாங்கள் அடுத்த கப்பலில் வருகிறோம் என்று காமாட்சி பிள்ளையைக் கொடுத்து அனுப்பினார். ஆனால் காமாட்சியின் புருஷனுக்கு இலங்கைக் குடியுரிமைதான் வந்தது. அடுத்த கப்பலில் அவர்கள் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை.

“இப்ப எங்க சிலோன் அம்மாவுக்கு வாதம் வந்து படுக்கையாக் கெடக்காவ. எந்தம்பி போன்ல தெனமும் காட்டுதான். நானும் பாக்கேன், அழுறேன். கையத் தொட்டு ஒரு வாய் கஞ்சி ஊட்ட ஏலலையே. அவிய மூச்சு நிக்கதுக்குள்ள ஒருக்காப் போயிட்டு வந்துரணும். அம்புட்டுத்தான் நான் கேக்குறது.”

அதற்காக பாஸ்போர்ட்டுக்கு இதே மையத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அங்கேதான் சிக்கல் வந்தது. கமலாவின் எல்லா அட்டைகளிலும் அம்மா பெயர் மாரியாயி. விண்ணப்பத்தில் மட்டும் காமாட்சி.

“அம்மா பேரு என்னன்னு இந்தப் பிள்ள கேட்டுச்சு. நான் எங்கம்மாவப் பாக்கப் போற நெனப்புலயே உக்காந்திருந்தேன். சட்டுன்னு காமாச்சின்னுட்டேன்,” என்றார் கமலா.

“அக்கா சொல்லுச்சு, நான் அடிச்சேன் சார்,” என்றார் ஜோதி. “விசாரணைக்கு வந்தவங்க ரேசன் கார்டப் பாத்துட்டு, என்னம்மா ஒனக்கு ரெண்டு அம்மாவான்னு கேட்டாங்களாம். இது ஆமான்னுருக்கு.”

வெளியே பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கமலாவும் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விண்ணப்பம் நின்றுபோனது. மாரியாயி பெயரில் புதிதாகப் போட்டால் முதலில் சொன்னதை மறைக்கிறாய் என்பார்கள். இலங்கையிலிருந்து பிறப்புச் சான்றிதழும், அட்டையில் அம்மா என்று இருப்பவரிடமிருந்து ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சான்றிதழுக்காக இவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லும்போது பெரியம்மாவுக்கு ‘ஆன்ட்டி’ என்ற வழக்கமான சொல்லைத்தான் போட்டேன். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாரையும் ஒரே கூடையில் அள்ளிப்போடும் சொல். சரிதா நெற்றியைச் சுருக்கினார். “ஒரு உறவுக்காரப் பெண் ஏன் தன்னை அம்மா என்று பதிந்துகொண்டார்?” என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அம்மாவின் அக்கா என்று விளக்கினேன். அவர் முகம் உடனே மாறிவிட்டது. “டூலி ஆமா! எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெரிய அம்மா என்று அர்த்தம்,” என்றார்.

“சிங்களத்தில லொக்கு அம்மா,” என்றார் நவரத்தினம். “அதுவும் பெரிய அம்மாதான்.”

“அப்படியானால் அவர் அம்மா என்று சொன்னதில் என்ன ஆச்சரியம்?” என்றார் சரிதா. “எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. உங்கள் படிவத்தில்?”

இலங்கையிலும் இல்லை, இங்கேயும் இல்லை. தாய், தந்தை, பாதுகாவலர், மற்றவை. இதைக் கேட்டதும் எனக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை. மூன்று நாட்டு வீடுகளிலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு அம்மாளுக்கு மூன்று நாட்டுக் கணினியிலும் இடமில்லை. முந்தைய நாள் முழுக்க நாங்கள் பேசித் தீர்த்த ஒத்துழைப்பில் இந்த ஒரு விஷயத்தில்தான் முழு ஒற்றுமை.

நவரத்தினம் தோட்டத்தின் பெயரையும் காமாட்சியின் பெயரையும் கேட்டுக்கொண்டு, போனை எடுத்து வெளியே போனார். பதுளைப் பதிவு அலுவலகத்தில் அவரோடு படித்த ஒருவர் இருக்கிறார். வேப்பமரத்தடியில் நின்று நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, “இது முறையான வழி இல்லை, ஆனா புள்ளிக் கோடு வந்து சேரும் வரைக்கும் வேற என்ன செய்யிறது?” என்றார்.

மாலை 4.30. எங்களைப் பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போனார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘ஓய்வு’ என்று போட்டிருந்த ஒரே நேரம் அதுதான். வத்திராயிருப்பு வழியாகப் போய் மலையடிவாரத்தில் இறங்கினோம். தண்ணீர் குறைவு, காற்று அதிகம். சரிதா படம் எடுத்தார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்தேன். யாருக்கும் எதையும் மொழிபெயர்க்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது அந்தப் பயணத்திலேயே எனக்குக் கிடைத்த நல்ல அரைமணி நேரம்.

திரும்பும் வழியில் நவரத்தினத்தின் போன் மணியடித்தது. ஒரு படம் வந்திருந்தது. பழைய பதிவேட்டின் பக்கம்: தாய் காமாட்சி, பெண் குழந்தை கமலா. வேனை நிறுத்தச் சொல்லி, கமலாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். கமலா, “நான் இருக்கேனா அதுல? எம்பேரு இருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“இருக்கு அம்மா, வடிவா இருக்கு,” என்றார் நவரத்தினம்.

கணேசன் ஸ்டியரிங்கைத் தட்டி, “அப்ப சோலி முடிஞ்சுது!” என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று ராத்திரி பரோட்டாக் கடையில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். சரிதா சால்னாவை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

வியாழன் காலை 10.30. மீதியிருந்தது உறுதிமொழிப் பத்திரம். இங்கே வேறு தாய் பெயர் இருப்பதால், சான்றிதழின் மூலப்பிரதி தரப் பதுளையிலும் இதன் நகலைக் கேட்டிருந்தார்கள். எங்கள் வேன் ஒரு மணிக்குத்தான் மதுரைக்குக் கிளம்பும். அதற்குள் அது முடிந்தால் இலங்கைப் பதிவுக்கான நகலை நவரத்தினம் கையோடு எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். கமலா பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தார். மாரியாயி குட்டையான, கறுத்த, நிமிர்ந்த உருவம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், “எம்புட்டுப்பா? அந்தா இருக்கு வீடு, அதுக்கு அறுவதா?” என்று ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். நோட்டரி வக்கீலும் வந்திருந்தார், நல்ல மனிதர். அடித்து வைத்த பத்திரத்தை அவரே நிதானமாக வாசித்தார்.

‘மேற்படி கமலா எனது மகள் அல்ல என்றும், எனது தங்கை காமாட்சியின் மகள் என்றும், பயண ஆவணத்தில் அவரை எனது மகள் என்று நான் அறியாமையால் தவறுதலாகத் தெரிவித்துவிட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’

மாரியாயி பேனாவைக் கையில் வாங்கியவர் அப்படியே வைத்துவிட்டார்.

“தவறுதலான்னா? தப்பாச் சொல்லிட்டேன்னா?”

“ஆமாம்மா. தெரியாமச் சொல்லிட்டீங்கன்னு போட்ருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் வராது,” என்றார் வக்கீல்.

“நான் தெரியாமச் சொல்லல. கப்பல்ல ஏறயில ஒரு ஆபீசரு கேட்டாரு, இந்தப் பிள்ள யாருதுன்னு. எம்புள்ளன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். தங்கச்சி புள்ள எம்புள்ள இல்லாமப் பின்ன யாரு புள்ள?”

“அம்மா, வளத்தது நீங்கதான், யாரு இல்லேன்னா? இது சட்டத்துக்காக.”

“காமாச்சி வயித்துல பெறந்தவன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். நான் வளத்தேன்னு எழுதுங்க, போடுதேன். தப்பாச் சொன்னேன்னு எப்படி எழுதுவேன்? ஒரு தப்பையா நான் இத்தன வருசம் இடுப்புல வச்சுத் தூக்குனேன்?”

சரிதா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன், கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் எனக்கு இப்படி ஆனதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

“அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட முடியாதா?” என்று வக்கீலிடம் கேட்டேன்.

“எடுத்துரலாம் மேடம். தவறு நடந்தாத்தான திருத்தம்? தவறே நடக்கலேன்னா எதத் திருத்தச் சொல்லுதீகன்னு திருப்பி அனுப்பிருவாங்க. ரெண்டு கேசுல எனக்கே திரும்பி வந்துச்சு.”

ஜோதியும் கணினியில் அந்த வாசகத்தைக் காட்டினார். மாதிரிப் படிவத்திலேயே அது இருந்தது. சரிதா குனிந்து திரையைப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கள் படிவத்திலும் இந்தச் சொல் உண்டு. நான்தான் அதற்கு ஒப்புதல் கொடுத்தேன்,” என்றார் என்னிடம் மட்டும்.

கமலா பெரியம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினார். “வாம்மா, போவோம். ஒம்மனசு நோகப்பண்ணிட்டு நான் அங்க போயி என்னத்த நிம்மதியாப் பாக்கப் போறேன்? போன்லயே பாத்துக்கிடுதேன். விடுங்க சார், எங்களுக்கு வேண்டாம்.”

பெரியம்மாவைத்தான் அவர் அம்மா என்று கூப்பிட்டார். அது வரைக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை.

இருவரும் வாசல் வரை போனார்கள். மாரியாயி நின்றார். நவரத்தினத்தைப் பார்த்து, “அய்யா, எந்தங்கச்சிக்கு எம்புட்டு நாளு தாங்கும்னு அங்க யாரும் சொன்னாகளா?” என்று கேட்டார்.

நவரத்தினம் பொய் சொல்லவில்லை. “என்ர பதுளைச் சிநேகிதன் சொல்லி, கிராம உத்தியோகத்தர் நேற்றுப் போய்ப் பார்த்தவர் அம்மா. சாப்பாடு இறங்கிறது குறைவாம். கெதியாப் போனால் நல்லது எண்டு சொன்னவர்.”

மாரியாயி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கமலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஏட்டி, சும்மா இரு,” என்று ஒரு அதட்டல். பேனாவை எடுத்து, வக்கீல் காட்டிய இடங்களில் எல்லாம் மாரியாயி, மாரியாயி, மாரியாயி என்று பெரிய பெரிய எழுத்தில் நிதானமாக எழுதினார். கடைசிக் கையெழுத்துப் போட்டதும் பேனாவை மேசையில் வைக்காமல் கமலா கையில் கொடுத்தார்.

“போயி அவளப் பாத்துட்டு வா. இங்க ஒருத்தி காத்துக் கெடக்கான்னு மறந்துராத.”

கமலா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜோதி கதவைச் சாத்தப் போய், ஏனோ சாத்தாமல் விட்டுவிட்டார். பிறகு பத்திரத்தை ஸ்கேன் செய்து ஏற்றினார். உறவுமுறை மாற்றம் என்ற கட்டத்தில் மகள் என்பதை எடுத்துவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கணினி கேட்டது. ஜோதி மேலும் கீழும் தேடிவிட்டு ‘மற்றவை’யை அழுத்தினார். அதை மாரியாயிக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

பகல் 1.15. விடுதி வாசலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். சக மொழிபெயர்ப்பாளர்கள் இந்த மாதிரி நேரத்தில் ஊரைப் பற்றி இரண்டு வரி குறித்துக்கொள்வார்கள். எனக்குப் படுக்க வேண்டும் போல இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அப்போது மாரியாயி தனியாக நடந்து வந்தார். வெயிலில் வந்ததில் மூச்சு வாங்கியது. கணேசன் வேனுக்குள் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நேரே நவரத்தினத்திடம் போனார்.

“அய்யா, ஒண்ணே ஒண்ணு. எந்தங்கச்சி கேட்டா, அக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்னு மட்டும் சொல்லுங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிராதீய.”

“ஏன் அம்மா?”

“அவ என்னய நம்பித்தான் பிள்ளையக் குடுத்தா. எம்புள்ளன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா, அவ என்ன நெனப்பா? சாகப்போற நேரத்துல அவளுக்கு அது எதுக்கு?”

“சொல்ல மாட்டன் அம்மா. நிச்சயமாச் சொல்ல மாட்டன்.”

“நல்லாருப்பிய,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். கணேசன் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றதற்குக் கையை மட்டும் வீசினார்.

வேன் கிளம்பியது. நகல் பத்திரம் இருந்த உறையை நவரத்தினம் மடியில் வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் இடது பக்கம் தெரிந்து, வீடுகளுக்குப் பின்னால் போனது. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது சரிதா, “அந்த அம்மா வாசலில் என்ன சொன்னார்?” என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன்.

“இவர் சொல்லமாட்டார்தானே?” என்றார் சரிதா.

நவரத்தினம் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு எனக்குத் தமிழில் பதில் சொன்னார். “நான் சொல்லாட்டியும் அவவுக்குத் தெரியவரும். இது அவவின்ர பிள்ளை சம்பந்தமான சத்தியக்கடதாசி. தாய் உயிரோட இருந்தால் அவவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கித்தான் பதிவில சேர்க்கலாம். அதுக்குப் பிறகுதான் சான்றிதழின்ர மூலப்பிரதி வரும். எங்கட நடைமுறை அது.”

இதையும் மொழிபெயர்த்தேன். சரிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யார் வாசித்துக் காட்டுவார்கள்?” என்று கேட்டேன்.

“கிராம உத்தியோகத்தர்.”

“அவரிடம் சொல்லி அந்த ஒரு சொல்லை மட்டும்...”

“அவர் சின்னப் பெடியன், புதுசு. எழுத்துக்கு எழுத்து வாசிப்பார். வேற விதமாச் செய்யச் சொல்லி அவரைக் கேக்கவும் கூடாது.”

கல்லுப்பட்டியில் கணேசன் வண்டியை ஓரங்கட்டினார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே மூன்று டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். நவரத்தினம் டீயைக் குடித்து முடிக்கும் வரை உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கொழும்பிலிருந்து பதுளை எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“இருநூற்று முப்பது கிலோமீட்டர். மலைப்பாதை, ஏழு மணித்தியாலம் பிடிக்கும்.” காலிக் கப்பைக் கணேசனிடம் கொடுத்தார். “ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுறன். நானே போய் வாசிக்கிறன்.”